எல்லை மாறிய ஊர் – 14: ஐதராபாத்தை விடாத வாத்தியார்

போன வாரம் 1960 மார்ச் 31-ஆம் தேதி இரவில் நிறுத்தியிருந்தோம். விடிந்தால் திருத்தணி தாலுகா சென்னை மாநிலத்தோடு சேர்ந்துவிடும். படாஸ்கரின் சிபாரிசு, ம.பொ.சி.யின் தமிழரசுக் கழகமும் மங்கலங்கிழாரும் வருஷக்கணக்கில் நடத்திய போராட்டம், 1959-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய எல்லை மாற்றச் சட்டம் எல்லாம் சேர்ந்து ஏப்ரல் 1-ல் வந்து நின்றன. தணிகை மலை கிடைத்தது. திருப்பதி மலை கிடைக்கவில்லை.

முறைப்படி பார்த்தால் இந்த வாரம் தாலுகா ஆபீஸ் கைமாறிய கதைக்குப் போக வேண்டும். அதற்கு முன் ஒரு பழைய பாக்கியைத் தீர்த்துவிடுகிறேன். 1956 நவம்பர் 1 முதல் அந்த மார்ச் 31 வரை, 3 வருஷம் 5 மாதம், திருத்தணிக்காரர்களுக்குத் தலைநகரம் ஐதராபாத். அதற்கு முன் மூன்று வருஷம் கர்னூல், அதற்கும் முன் சென்னை. இருந்த இடத்தை விட்டு நகராமலே தலைநகரம் மாறிக்கொண்டே இருந்த ஊர் இது. கர்னூல் நமக்கு என்ன தந்தது என்று கேட்டால் சொல்ல ஒன்றும் இல்லை. ஐதராபாத் என்ன தந்தது? சார்மினார், பிரியாணி என்று இரண்டு பெயரைச் சொல்லிவிட்டு அதையும் மறந்துவிட்டோம்.

அந்த மூன்றரை வருஷமும் நம் தலைநகரத்தில் ஒரு வாத்தியார் கால்பந்து சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். இந்தியா அவருக்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு கோச்சைப் பார்த்ததில்லை. பெயர் சையது அப்துல் ரஹீம். ஆட்டக்காரர்களுக்கு ரஹீம் சாப்.

எல்லைக் கதையில் பந்து எதற்கு என்று கேட்பவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும். திருத்தணிக்கும் அவருக்கும் ஒரு முடிச்சு இருக்கிறது. அதை இந்த அத்தியாயத்தின் கடைசியில்தான் அவிழ்ப்பேன்.

★

ஆந்திரப் பிரதேசம் பிறந்து சரியாக முப்பது நாள். 1956 டிசம்பர் 1, மெல்போர்ன் ஒலிம்பிக், கால்பந்துக் கால் இறுதி. முதல் சுற்றில் எதிரே நிற்க வேண்டிய ஹங்கேரி போட்டிக்கே வராததால் இந்தியா ஆடாமலே இங்கே வந்திருந்தது. எதிரணி ஆஸ்திரேலியா, ஊரும் அவர்கள் ஊர், கூட்டமும் அவர்கள் கூட்டம்.

நான்கு வருஷத்துக்கு முன் ஹெல்சிங்கியில் நடந்ததை யாரும் மறக்கவில்லை. யூகோஸ்லாவியாவிடம் 10-1. குளிரில், பலர் வெறுங்காலோடு ஆடி வாங்கிக் கட்டிக்கொண்ட தோல்வி. அப்போதும் கோச் ரஹீம்தான். வேறு நாடாக இருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இங்கே அப்படிச் செய்யவில்லை. அதற்கு முந்தின வருஷம் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் ஈரானை 1-0 என்று வென்று அவர் தங்கம் வாங்கித் தந்திருந்தது அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். ஹெல்சிங்கிக்குப் பிறகு பூட்ஸ் கட்டாயமாயிற்று. ரஹீமும் ஆட்டத்தையே அடியிலிருந்து மாற்றத் தொடங்கினார்.

அந்த மாற்றத்தை மெல்போர்னில் பார்த்தார்கள். நெவில் டிசோசா மூன்று கோல், கிட்டு என்கிற கிருஷ்ணசாமி ஒரு கோல். 4-2. ஒலிம்பிக் கால்பந்தில் ஹாட்ரிக் அடித்த முதல் ஆசியர் என்று டிசோசாவின் பெயர் நின்றது. ஆசியாவிலிருந்து ஓர் அணி ஒலிம்பிக் அரை இறுதிக்குப் போனதும் அதுவே முதல்முறை.

அரை இறுதியில் மறுபடி யூகோஸ்லாவியா. டிசோசா முதல் கோலை அடித்துவிட்டார்! அதற்கப்புறம் வரிசையாக நான்கு வாங்கினோம். மூன்றாவது இடத்துக்கான ஆட்டத்திலும் பல்கேரியாவிடம் 3-0. பதக்கம் இல்லை, நாலாம் இடம். இந்தியக் கால்பந்து இன்றுவரை அதைத் தாண்டவில்லை.

அந்த அணிப் பட்டியலைப் படித்துப் பாருங்கள். அஜீஸ், நூர் முகமது, லத்தீஃப், அகமது உசேன், ஜுல்ஃபிகாருதீன், பலராம் எல்லாரும் ஐதராபாத்துக்காரர்கள். நாட்டின் அணியா, ஒரு நகரத்தின் அணியா என்று கேட்கத் தோன்றும். சொந்த ஊர்ப் பாசம்தானே இது?

பாசம்தான், சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பாசம் எங்கே ஊறியது என்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லலாம்.

★

1909-ல் ஐதராபாத்தில் பிறந்தவர் ரஹீம். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டுப் பள்ளி ஆசிரியர் ஆனார். காச்சிகூடா, சாதர்காட் என்று பழைய நகரத்துப் பள்ளிகளில் வேலை. பாடம் எடுத்துக்கொண்டே உடற்பயிற்சியிலும் தேர்ச்சி பெற்றார். 1943-ல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளர் ஆனார். நிஜாம் ஆட்சி போனது, ராணுவம் வந்தது, மாநிலம் உருமாறியது. அந்த நாற்காலியில் மட்டும் சாகும்வரை ரஹீமே இருந்தார்.

1950-ல் அவர் கைக்கு வந்தது ஐதராபாத் சிட்டி போலீஸ் அணி.

போலீஸ் அணி என்றதும் விளையாட்டு விழாவில் கயிறு இழுப்பவர்களை நினைத்துக்கொள்ளக் கூடாது. பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து தூக்கிக்கொண்டு போனவர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு முதல்முறையாக 1950-ல் டூராண்ட் கோப்பை நடந்தபோது இறுதியில் மோகன் பகானையே வீழ்த்தியவர்கள். 1954-லும் 1957-லும் அதே கோப்பை மறுபடி அவர்களிடம். கல்கத்தாதான் இந்தியக் கால்பந்து என்று எழுதிக்கொண்டிருந்த பத்திரிகைகள் வருஷாவருஷம் ஐதராபாத் என்று அச்சடிக்க வேண்டிய நிலை வந்தது.

எப்படிச் செய்தார்? வகுப்பறையில் செய்வதையே மைதானத்திலும் செய்தார் என்பது என் எண்ணம். சின்னப் பையன்களுக்கென்று அவர் நடத்திய போட்டிகளில் விநோதமான விதிகள் இருக்கும். ஒரு போட்டியில் டிரிப்ளிங் செய்யக் கூடாது. பந்து வந்தால் உடனே பாஸ் கொடுக்க வேண்டும். இன்னொன்றில் வராத காலால் மட்டுமே அடிக்கலாம். வலக்கால் பையன் இடக்காலால் அடிக்க முயன்று தரையை உதைத்துப் புழுதி கிளப்புவான், சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். ரஹீமுக்கு அது தமாஷ் இல்லை. கணக்கில் வீக்காக இருக்கும் பையனுக்கு வாத்தியார் கணக்கையே திரும்பத் திரும்பக் கொடுப்பாரே, அது. பத்து வயதில் இரண்டு காலும் பழகிவிட்டால் இருபது வயதில் எந்தப் பக்கம் போவான் என்று எதிராளிக்குத் தெரியாது. 1958 உலகக் கோப்பையில் பிரேசில் ஆடிக் காட்டிய 4-2-4 வரிசையை அதற்கு முன்பே ரஹீம் சொல்லிக்கொடுத்துவிட்டார் என்று அந்தக் காலத்து ஆட்டக்காரர்கள் பலரும் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு அந்த வரிசையைவிட அந்த வராத கால்தான் பெரிதாகப் படுகிறது. வரிசையைப் புத்தகம் பார்த்து யாரும் போடலாம்.

★

துளசிதாஸ் பலராமின் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. செகந்திராபாத் கண்டோன்மென்ட் பக்கம் அம்முகூடாவில், தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். தாயார் பெயர் முத்தம்மா. வீட்டில் வறுமை. பந்து ஆட பூட்ஸ் வேண்டும் என்றால் தேய்ந்துபோன போலீஸ் பூட்ஸைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து மாற்றித் தைத்துக்கொள்ள வேண்டிய நிலை. ஓர் ஆட்டத்தில் அவரைப் பார்த்த ரஹீம் பயிற்சிக்கு வரச் சொன்னார். அங்கிருந்து ஐதராபாத் வந்துபோகக் காசில்லை என்றார் பையன். வாடகை சைக்கிளுக்குக் காசு கொடுத்தார் ரஹீம்.

அந்த சைக்கிளில் வந்த பையன்தான் மெல்போர்ன் போனான், அடுத்து ரோம் போனான். 1960 ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராக இந்தியாவின் கோலை அடித்தது பலராம். அந்த ஆட்டம் 2-1 என்று போனது. பி.கே.பானர்ஜி கோல் போட்ட பிரான்ஸ் ஆட்டம் 1-1. ஹெல்சிங்கியில் பத்து கோல் வாங்கிய நாட்டின் அணி, எட்டு வருஷத்தில் பிரான்ஸோடு சமமாக நின்றது.

இன்னொரு தமிழர் பீட்டர் தங்கராஜ். பிறந்தது ஐதராபாத், பந்தைத் தொட்டது செகந்திராபாத்தின் சின்னச் சின்ன கிளப்புகளில். ஆறடிக்கு மேல் உயரம். சென்டர் பார்வர்டாக ஆரம்பித்தவர் நீலகிரி வெல்லிங்டனில் மதராஸ் ரெஜிமெண்டல் சென்டருக்குப் போன பிறகு கோல்கீப்பர் ஆனார். அந்த ராணுவ அணி 1955-லும் 1958-லும் டூராண்ட் கோப்பையை வென்றபோது வலைக்கு முன் நின்றவர். இவரைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த அத்தியாயம் முடிவதற்குள் காய்ச்சலோடு திரும்ப வருவார்.

கல்கத்தாவுக்கு இது எல்லாம் தெரியாமலா இருக்கும்? அங்கே காசு இருந்தது, கூட்டம் இருந்தது, பத்திரிகை இருந்தது. பலராம் 1957-ல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். லத்தீஃப், அகமது உசேன் என்று ஒவ்வொருவராகக் கிழக்கே ரயில் ஏறினார்கள். வளர்த்தவர் மட்டும் ஏறவில்லை. இந்திய அணிக்கு அழைப்பு வந்தால் போவார், உலகம் சுற்றுவார், திரும்பி வந்து அதே போலீஸ் மைதானத்தில் விசிலோடு நிற்பார். 1950-ல் பிடித்த அணியை 1963 வரை விடவில்லை.

பெரிய கோச்சுகளுக்கு ஒரு வழக்கம் உண்டு: வளர்த்த கிளப்பை விட்டுப் போய், தூரத்தில் இருந்து அதை நேசிப்பது. ஸ்காட்லாந்தின் அலெக்ஸ் பெர்குசன் அபர்தீன் கிளப்பில் எட்டு வருஷம் இருந்து, 1983-ல் ரியல் மாட்ரிட்டைத் தோற்கடித்து ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பையை வாங்கிக் கொடுத்துவிட்டு, 1986-ல் மான்செஸ்டர் போனார். அங்கே 26 வருஷம். ஆனாலும் அபர்தீன் என்றால் அவருக்குத் தனிப் பிரியம். அந்த மைதானத்தில் 2022-ல் அவருக்குச் சிலை வைத்தபோது அவரே நேரில் வந்து நின்றார். விட்டுப்போன கிளப்பின் மேல் வைக்கும் பிரியம் அழகானதுதான், மறுக்கவில்லை. கொஞ்சம் சௌகரியமானதும்கூட. தூரத்தில் இருந்துகொண்டு நேசிக்கலாம்; தோல்வி நம் கணக்கில் ஏறாது.

ரஹீமுக்கு அந்தச் சௌகரியம் கிடைக்கவில்லை. அவர் கிளப்பை விட்டுப் போகவில்லை. கிளப்தான் அவர் கண் முன்னே வேறொன்றாக மாறிப்போனது. ஐதராபாத் மாநிலம் மறைந்து ஆந்திரப் பிரதேசம் வந்தபோது நம் தாலுகா கச்சேரியின் போர்டு மாறியது போலவே அங்கேயும் ஆயிற்று. 1957-ல் ரோவர்ஸ் கோப்பையில் பொறித்த பெயர் ஐதராபாத் போலீஸ். 1960-ல் பொறித்தது ஆந்திரா போலீஸ். அதே வாத்தியார், அதே மைதானம். 1960-ல் ரோவர்ஸ் வென்றார்கள், 1961-ல் டூராண்ட் வென்றார்கள். ஐதராபாத் என்ற சொல் மட்டும் கோப்பையிலிருந்து போய்விட்டது. அவர் கற்றுக்கொடுத்த பிள்ளைகளில் பாதிப் பேர் எதிரணி சட்டையில் நின்றார்கள்.

இன்றைக்குத் திருத்தணி பஸ் ஸ்டாண்டில் நின்றால் தெலுங்குப் போர்டு போட்ட பஸ்ஸும் தமிழ்ப் போர்டு போட்ட பஸ்ஸும் பக்கத்துப் பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்கும். நகரி, புத்தூர் என்று கண்டக்டர் தெலுங்கில் கூவுவார், ஏறுகிறவர் தமிழில் பதில் சொல்வார், சில்லறை சரியாக வந்து சேரும். எங்கள் பக்கத்தில் பலருக்குத் தாத்தா ஒரு மாநிலத்து ஆள், அப்பா இன்னொரு மாநிலத்து ஆள். வீடு என்னவோ ஒன்றுதான். அதனால்தானோ என்னவோ, ரஹீமின் இந்தப் பகுதி எங்களுக்கு விளக்கம் இல்லாமலே புரிகிறது.

★

1962 ஆகஸ்ட். ஜகார்த்தா, நாலாவது ஆசிய விளையாட்டு.

ரஹீமின் உடம்பு இளைத்துவிட்டது. ஓயாத இருமல். நுரையீரலில் புற்றுநோய் வேர்விட்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 தோல்வி. அடுத்து தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0 என்று வென்று அரை இறுதிக்கு வந்தார்கள். ஆனால் தாய்லாந்து ஆட்டத்தில் தூண் மாதிரி நிற்கும் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் மண்டை உடைந்து தையல் போட வேண்டியதாயிற்று.

தலையில் தையல் போட்டவர் பந்தைத் தலையால் தடுக்க முடியுமா? பெஞ்சில் உட்கார வைப்பதுதான் நியாயம். ரஹீம் அவரைக் கொண்டுபோய் சென்டர் பார்வர்டாக நிறுத்தினார்! தெற்கு வியட்நாமோடு நடந்த அரை இறுதியில் கேப்டன் சுனி கோஸ்வாமி இரண்டு கோல், கட்டுப்போட்ட தலையோடு ஜர்னைல் ஒரு கோல். 3-2. இறுதி ஆட்டம், மறுபடி அதே தென் கொரியா.

இதற்குள் மைதானத்துக்கு வெளியே நெருப்புப் பற்றிக்கொண்டது. இந்தோனேசியா இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் விசா கொடுக்கவில்லை. அப்படியானால் இதை ஆசிய விளையாட்டு என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார் இந்தியாவின் ஜி.டி.சோந்தி, சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உறுப்பினர். அவர் கேட்டது நியாயம்தான். கேட்ட இடம்தான் ஜகார்த்தா. செப்டம்பர் 3-ஆம் தேதி ஒரு கும்பல் இந்தியத் தூதரகத்துக்குள் புகுந்து அடித்து நொறுக்கியது. அன்றைக்கே ஹாக்கி இறுதியில் பாகிஸ்தானிடம் தோற்றிருந்தோம். நம் வீரர்கள் போன பஸ்ஸில் கொடி இல்லை. ஜன்னலுக்கு மேலே தலை தெரியாமல் சிலர் கீழே உட்கார்ந்து போனதாகப் பின்னால் சொன்னார்கள்.

அன்று ராத்திரி ஆட்டக்காரர்களுக்குத் தூக்கம் வரவில்லை. வெளியே நடந்தவர்கள் இருட்டில் ரஹீமையும் கண்டார்கள். அவருக்கும் தூக்கம் இல்லை. நாளைக்கு எனக்கு ஒரு பரிசு கொடுங்கள் என்று அவர் கேட்டதை பி.கே. வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். என்ன பரிசு என்று யாரும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

இப்போது முடிச்சுக்கு வருகிறேன்.

அந்த 1962 மே மாதம் இந்தியாவின் குடியரசுத் தலைவர் ஆனவர் நம் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். தத்துவ மேதை, தூதர், எல்லாம் சரி, அடிப்படையில் வாத்தியார். 1921-ல் மைசூர் மகாராஜா கல்லூரியை விட்டுக் கல்கத்தா போகக் கிளம்பியபோது மாணவர்கள் வண்டியிலிருந்து குதிரைகளை அவிழ்த்துவிட்டு, தாங்களே ரயிலடிவரை இழுத்துக்கொண்டு போனார்கள் என்பது ஊரறிந்த கதை. பிறந்த நாளைக் கொண்டாட வேண்டும் என்று கேட்டவர்களிடம், அதை ஆசிரியர் நாளாகக் கொண்டாடுங்கள் என்றார் அவர். நாட்டின் முதல் ஆசிரியர் தினம் 1962 செப்டம்பர் 5, புதன்கிழமை.

ஜகார்த்தாவில் இறுதி ஆட்டம் செப்டம்பர் 4, செவ்வாய்க்கிழமை.

திருத்தணி வாத்தியாருக்காக நாடே கொண்டாடப்போகும் நாளுக்கு முந்தின நாள், ஐதராபாத் வாத்தியார் ஒருவர் கடல் தாண்டி, இருமிக்கொண்டே, பதினொரு பேரின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். பி.கே.யும் சுனியும் வங்காளம். ஜர்னைல் பஞ்சாப். சந்திரசேகர் கேரளம். ஐதராபாத்திலிருந்து யூசுஃப் கானும், அந்த வாடகை சைக்கிள் பலராமும்.

கோல்கீப்பர் யார்? முந்தின ஆட்டங்களில் நின்ற பிரத்யுத் பர்மன் நன்றாகவே ஆடியிருந்தார். மாற்றக் காரணமே இல்லை. ஆனால் கொரியர்கள் பந்தை உயரத் தூக்கிப் போட்டு அடிப்பவர்கள் என்பதை ரஹீம் முதல் ஆட்டத்திலேயே பார்த்திருந்தார். ஃப்ளூ காய்ச்சலில் படுத்து எழுந்த தங்கராஜின் பெயரை எழுதினார். பல நாளாகக் களம் இறங்காத ஆள். இறுதி ஆட்டத்தில் இப்படி ஒரு சூதாட்டமா என்று கேட்கலாம். நானாக இருந்தால் பர்மனைத்தான் நிறுத்தியிருப்பேன்.

செனயான் ஸ்டேடியத்தில் லட்சம் பேர் என்று கணக்குச் சொல்வார்கள். இந்தியாவின் தேசிய கீதம் எழுந்தபோது கூச்சல் அதை விழுங்கிவிட்டது. அந்த இரைச்சலில் இந்தியாவுக்காகக் கை தட்டிய சின்னக் கூட்டம் ஒன்று இருந்தது, அது முந்தின நாள் நம்மைத் தோற்கடித்த பாகிஸ்தான் ஹாக்கி அணி என்பார்கள்.

நடுவர் விசில் ஊதினார். கொரியர்கள் முதல் ஆட்டத்தை வென்ற தெம்பில் ஏறி வந்தார்கள். தங்கராஜ் இரண்டு எட்டு முன்னால் வந்து நின்றார். பெஞ்சில் ரஹீம் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார்.

பதினேழாவது நிமிடம். பெனால்டி ஏரியாவுக்குள் பந்து பி.கே.பானர்ஜியின் காலடிக்கு வந்து சேர்ந்தது...

(அடுத்த வாரம்: மிச்சம் இருந்த 73 நிமிடமும், ரஹீமுக்கு மிச்சம் இருந்த ஒன்பது மாதமும்)